பின்வரிசையில் இருந்த பதில்: புறக்கோட்டை நிறுவனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் ஆகியவற்றை இறக்குமதி செய்து நாடெங்கும் மொத்தமாக விநியோகிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அலுவலகம் கொழும்பின் வணிகப் பகுதியான புறக்கோட்டையின் குறுக்குத் தெரு ஒன்றில், படியேறும்போதே மல்லி வாசம் மூக்கில் ஏறும் பழைய கட்டடத்தில் இருக்கிறது. களஞ்சியம் களனி கங்கைக்கு அப்பால், பேலியகொடையில். தந்தை தொடங்கிய தொழிலுக்கு இப்போது மகன் முகாமைப் பணிப்பாளர். அறுபது பேர் வரை வேலை செய்கிறார்கள். பெயர் எதையும் எழுதமாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் பதவிகளால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பேச்சுப் பயிற்சியாளரான என்னை அழைத்தபோது பணிப்பாளர் சொன்ன காரணம் இதுதான்: "எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் பேச வராது. அதைச் சரிசெய்து தாருங்கள்." கொழும்பில் தமிழ் நிறுவனங்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. நான்கு மாதம் அவர்களோடு இருந்து பார்த்த பிறகு, அங்கே ஆங்கிலக் குறை இருந்தது உண்மை, ஆனால் வியாபாரத்தை இழக்க வைத்தது அது அல்ல என்ற முடிவுக்கு வந்தேன்.

அந்த இருபது நிமிடங்கள்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. சிறு கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்துப் பழகிய ஒரு மொத்த வியாபாரிக்கு இதன் பொருள் என்னவென்று புறக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொடுத்த சரக்கின் பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த சரக்கின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். தப்பிப் பிழைத்த நிறுவனங்கள், சொன்ன நாளில் பணம் தரும் பெரிய கொள்வனவாளர்களைத் தேடத் தொடங்கின. இந்த நிறுவனமும் ஒரு சுப்பர் மார்க்கெட் வலையமைப்புக்கு விண்ணப்பித்தது. இருபது நிமிட முன்வைப்புக்கு அழைப்பு வந்தது.

அன்று போனவர்கள் மூவர்: பணிப்பாளர், விற்பனை முகாமையாளர், களஞ்சியப் பொறுப்பாளர். பவர்பொயின்ட்டில் 38 ஸ்லைட்கள் இருந்தன. அந்தக் கோப்பை நான் பலமுறை திறந்து பார்த்தேன். முதல் பதினொன்றில் தந்தையின் படம், கடை தொடங்கிய வரலாறு, தொலைநோக்கு, பணிக்கூற்று, கிடைத்த கேடயங்கள். அவர்கள் என்ன விற்க வந்திருக்கிறார்கள் என்பது பன்னிரண்டாவது ஸ்லைட்டில் தொடங்குகிறது. எப்படி நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பது 31ஆவதில், நான்கு வரியில் இருக்கிறது.

பணிப்பாளர் ஆங்கிலத்தில், திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டு போனார். பதினான்காவது நிமிடத்தில் கொள்வனவுப் பிரிவுத் தலைவி கையை உயர்த்திக் கேட்ட கேள்வி இது: "ஓடர் இரண்டு நாள் பிந்தினால் என்ன செய்வீர்கள்?"

அவர் சொன்ன பதில்: "பிந்த வாய்ப்பே இல்லை."

எதிரே இருந்தவர்கள் 2022ஐ இதே நாட்டில் வாழ்ந்து கடந்தவர்கள். எரிபொருள் வரிசையில் தாங்களும் நின்றவர்கள். அந்தப் பதிலை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது.

அந்தக் கேள்விக்கான உண்மையான பதில் அதே அறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. களஞ்சியப் பொறுப்பாளரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில், டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற நேரத்தில், ஒவ்வொரு லொறியும் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே நின்றது, எந்தக் கடையில் எப்போது இறக்கியது என்று அன்றன்றே எழுதியிருக்கிறார். இரண்டு லொறிகளை மாறி மாறி வரிசையில் விட்டிருக்கிறார். குருநாகல், கண்டிப் பக்கம் போகும் சரக்கைப் பக்கத்துக் களஞ்சியக்காரர்களோடு பேசி ஒரே லொறியில் ஏற்றியிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் எந்தக் கடைக்கும் சரக்கு இரண்டு நாளுக்கு மேல் பிந்தவில்லை என்று கொப்பி காட்டுகிறது. நிறுவனத்தின் கையில் இருந்த மிகப் பெரிய சான்று அதுதான். 38 ஸ்லைட்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஏன் நீங்கள் எழுந்து சொல்லவில்லை?" என்று அவரிடம் கேட்டேன். கூட்டத்துக்குப் போகும் வழியில் வான் வண்டியில் வைத்துப் பணிப்பாளர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: "அண்ணா, நீங்கள் வந்து இருந்தால் போதும். பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அண்ணா, தம்பி, சேர்

பொறுப்பாளர் இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார். பணிப்பாளரைப் பள்ளிக்கூட வயதிலிருந்தே தெரியும். களஞ்சியத்தில் அவரைத் "தம்பி" என்கிறார். வெளியாட்கள் முன்னால் "சேர்". பணிப்பாளர் எங்கேயும் அவரை "அண்ணா" என்றுதான் அழைப்பார். நான் கண்டவரை அந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் "தம்பி" என்று அழைக்கும் இடத்தில் மட்டும்தான் அவர் "அது சரிவராது" என்று சொல்கிறார். "சேர்" என்ற சொல் வாயில் வந்ததும் மறுப்பு நின்றுவிடுகிறது. அலுவலக மாடிக் கூட்டங்களில் அவர் எப்போதும் "சேர்" இடத்தில்தான் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்தேன். நாற்பது நிமிடத்தில் பணிப்பாளர் பேசியது முப்பத்தொரு நிமிடம். பொறுப்பாளர் எட்டுத் தடவை "சரி சேர்" என்றார். அவற்றில் மூன்று, உள்ளுக்குள் சரியில்லை என்று நினைத்துச் சொன்னவை என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

அன்று மாலை பணிப்பாளரோடு தனியாக இருந்து டெனரீஃப் விபத்தைப் பற்றிப் பேசினேன். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவின் விமான நிலையத்தில் பனிமூட்டம். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர், புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடுபாதையில் வேகமெடுத்தார். முன்னால் அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று அவரோடு விமானி அறையில் இருந்த பொறியியலாளர் சந்தேகம் கேட்டார். தலைமை விமானி அழுத்தமாக மறுத்துவிட்டுத் தொடர்ந்தார். பொறியியலாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் ஆபத்து இருக்கலாம் என்ற ஐயம் அந்த விமானி அறைக்குள்ளேயே சொல்லப்பட்டது; கேட்கப்படவில்லை. அதன் பிறகுதான் விமானத்துறை, கீழே இருப்பவர் துணிந்து சொல்வதையும் மேலே இருப்பவர் நின்று கேட்பதையும் ஒரு பயிற்சியாகவே கற்பிக்கத் தொடங்கியது.

பணிப்பாளர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா அன்று என்னைப் பார்த்தார். நான் கவனித்தேன்," என்றார்.

நாங்கள் முதலில் மாற்றியது ஒரு வழக்கத்தை மட்டும். கூட்டத்தில் பணிப்பாளர் கடைசியில் பேசுவார். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசுவார். முதல் இரண்டு வாரம் இது மிகவும் சங்கடமாக இருந்தது. நீண்ட மௌனங்கள் வந்தன. மூன்றாவது வாரம் ஒரு லொறிச் சாரதி, ஒரு கடைக்குச் செவ்வாய்க்கிழமை சரக்குக் கொண்டுபோவதில் பயனில்லை, அன்று அங்கே கடையைத் திறப்பது பத்தரைக்குத்தான் என்றார். பல ஆண்டுகளாக அந்த லொறி விடிய ஏழு மணிக்குப் போய் மூடிய கதவின் முன் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

சுவரில் ஒட்டியிருந்த கணக்கு

எனக்கு முன்பே ஒருவர் ஒரு ஹோட்டலில் ஒருநாள் பயிற்சி நடத்தியிருந்தார். அதன் மிச்சமாக விற்பனைப் பிரிவின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 7, 38, 55. பேச்சில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பது அதன் விளக்கம். இந்தக் கணக்கை நான் கேட்காத பயிற்சிப் பட்டறை இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

இது 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட இரண்டு சிறு பரிசோதனைகளிலிருந்து வந்தது. தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் கேட்க வைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்குக் கேட்பவர் மேல் விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார். சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது மனிதர் எதை நம்புகிறார் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கிலோ என்ன விலை, எத்தனை மூட்டை, எந்தத் திகதிக்குப் பணம் என்று பேசுகிற இடத்தில் சொல்தான் எல்லாம். அந்தத் தாளை நம்பி விற்பனைப் பிரதிநிதிகள் கையசைவையும் புன்னகையையும் பழகிக்கொண்டிருந்தார்கள். விலைப்பட்டியலில் போன மாத விலை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தாளை அவர்கள் கையாலேயே எடுக்கச் செய்தேன்.

பன்னிரண்டாவது வரி

ஒரு மின்னஞ்சலை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். கனடாவிலிருந்து வந்த மைசூர் பருப்புக் கொள்கலன் ஒன்று துறைமுகத்தில் நின்றது. இப்படியான சரக்குக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மூலப்பிரதி வந்து சேரவில்லை. குறித்த இலவச நாட்கள் முடிந்தால் கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் இளம் பெண். அன்றே பணிப்பாளருக்கு எழுதினார்.

ஆங்கிலத்தில் எழுதிய அந்த மின்னஞ்சல் நலம் விசாரிப்பில் தொடங்கி, கப்பல் வந்த விவரம், முகவரோடு நடந்த தொலைபேசி உரையாடல், முந்தைய கொள்கலனில் நடந்தது, அப்போது யார் கையொப்பம் இட்டார் என்றெல்லாம் போய், பன்னிரண்டாவது வரியில், "இது தொடர்பில் தங்கள் மேலான கவனத்தை ஈர்க்க விரும்புகிறேன்" என்று முடிந்தது. கவனம் எதற்கு, எப்போதைக்குள் என்பது எழுதப்படவில்லை. பணிப்பாளர் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். திரையில் தெரிந்தது முதல் மூன்று வரி. பிறகு வாசிக்கலாம் என்று விட்டார். ஐந்து நாட்கள் போயின.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து அதை மீண்டும் தமிழில் எழுதினோம். அரை மணி நேரம் பிடித்தது. வந்தது இது:

"சேர், இன்று மூன்று மணிக்கு முன் உங்கள் உதவி வேண்டும். கனடாப் பருப்புக் கொள்கலனின் தாவர சுகாதாரச் சான்றிதழ் மூலப்பிரதி வரவில்லை. அது இல்லாமல் சரக்கை எடுக்க முடியாது. நீங்களே ஏற்றுமதியாளரோடு பேசினால் நாளைக்கே கூரியரில் அனுப்புவார்கள் என்று முகவர் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தாமதக் கட்டணம் ஏறும்."

எழுதி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. "இப்படி எழுதினால் சேருக்கு நான் கட்டளை போடுவது போல இருக்காதா?"

அவருடைய பன்னிரண்டு வரியும் அந்தப் பயத்திலிருந்து வந்தவை. நான் சொன்னேன்: நம்முடைய மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. "பேசுங்கள்", "தாருங்கள்" என்ற சொல்லுக்குள்ளேயே வணக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் பத்து வரி முகவுரை போட்டுத்தான் மரியாதையை நிறுவ வேண்டும் என்பதில்லை. அவர் சிரித்தார். ஆனால் முழுதாக நம்பவில்லை. பணிப்பாளரே அந்த மாதிரியை அச்சிட்டு, "எனக்கு இப்படி எழுதுங்கள்" என்று கையெழுத்திட்டு எல்லாப் பிரிவுக்கும் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

தொலைபேசி ஓடர்களுக்கும் ஒரு சிறு பழக்கம் கொண்டுவந்தோம். ஆங்கில எண்ணில் பதினைந்தையும் ஐம்பதையும் காது மாற்றிக் கேட்கும். சத்தமான தெருவிலிருந்து பேசினால் கேட்கவே வேண்டாம். இப்போது ஓடர் எடுப்பவர் அளவைத் தமிழிலோ சிங்களத்திலோ திருப்பிச் சொல்லி, கடைக்காரர் "ஓம்" என்ற பிறகே எழுதுகிறார். விமானிகள் கோபுரத்திலிருந்து வரும் அனுமதியைத் திருப்பிச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

எந்த மொழியில்?

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சிங்களத்தோடு தமிழும் நம் நாட்டின் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனால் கொழும்பு வணிகத்தில் ஆங்கிலம் பல நேரம் நுழைவாயிலில் நிற்கும் காவலாளி போல நடத்தப்படுகிறது. அதைத் தாண்டாதவன் உள்ளே வாய் திறக்கக் கூடாது.

அந்தத் தோற்றுப்போன கூட்டத்தில் எதிரே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் சிங்களம் பேசுபவர்கள். களஞ்சியப் பொறுப்பாளர் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாரதிகளோடும் மூட்டை சுமப்பவர்களோடும் பக்கத்துக் களஞ்சியக்காரர்களோடும் நாள் முழுதும் பேசுவது சிங்களம். தாய்மொழி போலப் பேசுவார். அவர் பேசியிருந்தால் அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். இது பணிப்பாளருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் உடனே தோன்றவில்லை. பேலியகொடையில் ஒரு மதியம், பின்னோக்கி வரும் லொறிக்கு வழி காட்டிக்கொண்டே அவர் ஒரு சாரதிக்கு மூன்று நாள் பயணத் திட்டத்தை மூன்றே நிமிடத்தில் விளக்கியதைக் கேட்டபோதுதான் தோன்றியது. முதலில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்றார். பிறகு எப்போது, பிறகு எந்த வழி, பிறகு வழி அடைபட்டால் யாருக்கு அழைப்பது. நான் மாதக்கணக்கில் மற்றவர்களுக்குக் கற்பிக்க முயன்ற ஒழுங்கு அவர் வாயில் இயல்பாக இருந்தது.

ஆனால் "முன்வைப்பு" என்று சொன்னதும் மாறிவிட்டார். முதல் ஒத்திகையில் கைகளைக் கட்டிக்கொண்டு, "எல்லோருக்கும் வணக்கம். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை, தவறு இருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்கினார். நிறுத்தினேன். அவரை மேசையிலிருந்து களஞ்சியத்துக்கே கூட்டிக்கொண்டு போய், மூட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்து, கொப்பியைக் கையில் கொடுத்தேன். "அந்த ஜூலையில் குருநாகல் கடைக்கு எப்படி அனுப்பினீர்கள் அண்ணா?" என்று மட்டும் கேட்டேன். பேச்சு தானாக வந்தது. மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகக் கூட்டங்களில் நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைப்பார்கள். நாங்கள் மூன்று நிற அட்டைகளைப் பயன்படுத்தினோம். ஐந்தாவது ஒத்திகையில் சிவப்பு அட்டை தூக்கும் முன்பே முடித்தார்.

இரண்டாவது முயற்சி

வேறொரு சுப்பர் மார்க்கெட் வலையமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை ஆறு ஸ்லைட்கள். பணிப்பாளருக்கு முதலில் மனம் இடம் கொடுக்கவில்லை. அமேசான் நிறுவனம் 2004இல் மூத்த முகாமையாளர் கூட்டங்களில் பவர்பொயின்ட்டையே நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை எல்லோரும் கூட்டத்தின் தொடக்கத்தில் அமைதியாக வாசிக்கும் முறைக்குப் போனதைச் சொன்னேன். அவரை அசைத்தது அது அல்ல. தந்தையின் படத்தை எடுப்பதா என்பதுதான் அவருடைய உண்மையான வருத்தம். படம் கடைசி ஸ்லைட்டுக்குப் போனது. அது நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். வேலையைக் காட்டிய பிறகு, அதைத் தொடங்கியவரைக் காட்டுவது பொருத்தம்.

முதல் ஸ்லைட்டில் ஒரே வாக்கியம்: "உங்கள் கடைகளுக்கு வாரம் இருமுறை, காலை ஒன்பதுக்கு முன் பருப்பும் மசாலாப் பொருட்களும், இரண்டு நாள் பிந்தினால் அந்த ஓடருக்குப் பணம் வேண்டாம்." கடைசிப் பகுதியைச் சேர்ப்பது பற்றி அவர்களுக்குள் இரண்டு இரவு விவாதம் நடந்தது. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகே கணக்காளர் சம்மதித்தார்.

பணிப்பாளர் நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு, "சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பவர் இவர். இவரே சொல்வார்" என்று நகர்ந்தார். பொறுப்பாளர் சிங்களத்தில் பேசினார். பேசிக்கொண்டே கொப்பியை மேசையின் குறுக்கே தள்ளினார். கொள்வனவு முகாமையாளர் பக்கங்களைப் புரட்டி, ஒரு நாளில் விரலை வைத்து, "இந்த லொறி ஏன் இவ்வளவு நேரம் நின்றது?" என்று கேட்டார். பொறுப்பாளர் சொன்னார். அடுத்த கேள்வியும் அவரிடமே வந்தது. அன்று ஆறு ஸ்லைட்களில் இரண்டு திறக்கப்படவே இல்லை.

கிடைத்தது முழு ஒப்பந்தம் இல்லை. குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும், மூன்று மாதப் பரீட்சார்த்த ஓடர். விலையில் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் குறைத்துக்கொடுக்க வேண்டியும் வந்தது. பேச்சுத் திறன் எல்லா விலைப்பேச்சையும் வென்று தரும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரிவராதவையும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு வியாபார நெருக்கடியில் திங்கட்கிழமைக் கூட்டம் மூன்று வாரம் நடக்கவில்லை; திரும்பத் தொடங்கியபோது பணிப்பாளர் பழையபடி முதலில் பேசினார். லொறிச் சாரதிதான் அதைச் சுட்டிக்காட்டினார். விற்பனைப் பிரதிநிதிகள் இருவருக்கு இந்த மாற்றம் இன்னும் பிடிக்கவில்லை. களஞ்சியத்தில் இருப்பவர் கொள்வனவாளர் முன் பேசுவதைத் தங்கள் இடம் பறிபோவதாக நினைக்கிறார்கள். அவர்களோடு நான் போதிய நேரம் செலவிடவில்லை. அது என் தவறு.

அடுத்த கூட்டம் வங்கியோடு, இறக்குமதிப் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் நாணயக் கடித (LC) வரம்பை உயர்த்துவதற்காக. அங்கே பேசப் போவது கணக்குப் பிரிவுப் பெண். போன வாரம் தன் முதல் வாக்கியத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "எங்கள் நாணயக் கடித வரம்பை இரட்டிப்பாக்க உங்கள் சம்மதத்தைக் கேட்டு வந்திருக்கிறோம், காரணம் மூன்றாவது பக்கத்தில் இருக்கும் ஒரே அட்டவணை." கீழே இன்னொரு வரி: "சேரிடம் காட்டினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை."